இளம் கொலையாளிகளின் வரலாற்றைப் பாதியில் நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிரவாதச் சிந்தனைக்கு ஆளாகும் பதின்ம வயதினரைப் பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம், நம் வீடுகளில் ‘யார் வீட்டுப் பிள்ளையோ’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவர் இந்திய வம்சாவளியினர். கிறிஸ்துவரான அவர், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15ஆம் தேதி 51 பேரின் உயிரைப் பறித்தவனை முன்மாதிரியாகக் கொண்டு, 2021இல் அதே மார்ச் 15ஆம் தேதி, தம் வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார்.

என்னை உலுக்கியது அந்தத் தேதிதான். முன்னர் கொன்றவனைப் போற்றி, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர நினைக்கும் மனம் புதியதன்று. 1914 ஜூன் 28ஆம் தேதி, அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த போஸ்னியாவின் சராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவருடைய மனைவி சோஃபியையும் சுட்டுக்கொன்ற காவ்ரிலோ பிரின்சிப், அதற்கு முந்தைய இரவு போக்டான் ஜெராயிச் என்பவரின் கல்லறைக்குப் போய்வந்தார். 1910இல் போஸ்னியாவின் ஆளுநரைச் சுட முயன்று, குறி தவறியதும் தம்மையே சுட்டுக்கொண்டவர் அந்த ஜெராயிச். பிரின்சிப்புக்கு அப்போது வயது 19. அவருக்கும் நண்பர்களுக்கும் துப்பாக்கியும் வெடிகுண்டும் சயனைடும் கொடுத்து அனுப்பியவர்களோ வயதில் மூத்தவர்கள். செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவரே முன்னின்று நடத்திய ‘கறுப்புக் கை’ என்னும் ரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். 20 வயது நிரம்பாததால் பிரின்சிப்புக்குத் தூக்குத் தண்டனை விதிக்க முடியவில்லை. எலும்புருக்கி நோயால் ஒரு கையை இழந்து, 23 வயதில் சிறையிலேயே இறந்தார். அவருடைய கூட்டாளி சாப்ரினோவிச், கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் நீதிமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். தாக்குதலுக்கு முன்பு அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவரிடம் பேச ஒரு பெரியவர்கூட இல்லாமற்போனது கொடுமை.

நம் வட்டாரத்திலும் இது நடந்திருக்கிறது. போர்னியோ தீவிலுள்ள சரவாக்கை அதன் வெள்ளையின ராஜா 1946இல் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைத்ததை எதிர்த்த இளைஞர் குழுவைச் சேர்ந்த ரோஸ்லி டோபி, கவிதை எழுதிய 17 வயது ஆசிரியர். 1949 டிசம்பர் 3ஆம் தேதி சிபு நகரில், பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த ஆளுநர் டங்கன் ஸ்டுவர்ட்டை அவர் கத்தியால் குத்தினார். சிகிச்சைக்காகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட ஸ்டுவர்ட், ஒரு வாரம் கழித்து இங்கேயே உயிரிழந்தார். மறு ஆண்டு ரோஸ்லி தூக்கிலிடப்பட்டார். அவருடைய மக்களின் மனக்குறை உண்மையானது; ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகு ஒப்படைப்பு எதிர்ப்பு இயக்கம் தலைநிமிரவே இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தமிழ்ப் பேச்சுப்போட்டிக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தேன். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர், 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்ட காட்சியை, வலக்கையைத் துப்பாக்கிபோல் நீட்டி நடித்துக் காட்டினார். அரங்கமே கைதட்டியது. ரயில் பெட்டியில் ஆஷின் எதிரில் அவருடைய மனைவி அமர்ந்திருந்ததையோ, இருவரும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டிருந்ததையோ அந்தப் பேச்சு தொடவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டுப்பற்றோடு சனாதன தர்மத்தின் பெயரால் அந்நியரை ‘மிலேச்சர்’ என்று வெறுக்கும் குரலும் கலந்திருந்தது. அதுவும் பேச்சில் இல்லை. மாணவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்ததும் பயிற்சி அளித்ததும் கைதட்டியதும் பெரியவர்களாகிய நாம்தான்.

காலனி ஆட்சியின் அநீதியை நான் சிறிதும் மறுக்கவில்லை. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதால்தான் அவர்மீது அவ்வளவு கோபம் எழுந்தது. அப்படியென்றால், 1906இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் பங்கு சேர்த்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டி, பின்னர் சிறையில் செக்கிழுத்தவரின் உழைப்பை மேடையில் அதே உணர்ச்சியோடு சொல்ல நம் பிள்ளைகளை ஏன் பழக்குவதில்லை? பங்குப் பத்திரம் விற்ற கதையில் துப்பாக்கிச் சத்தம் கேட்காது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று ஒரு பிரின்சிப்பைத் தன் பக்கம் இழுக்க ரகசிய அமைப்புக்கு ஆள் தேவைப்பட்டது. இன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளையிடம், கொலைகாரனின் அறிக்கையும் காணொளியும் தாமாகவே வந்து சேர்கின்றன. இந்த நிலையில், கொன்றவனின் துணிச்சலோடு கதையை முடிக்கும் நம் பழக்கம் ஆபத்தானது.

எனவே உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் சராயேவோ, சிபு, மணியாச்சி ஆகிய மூன்று நிகழ்வுகளையும் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆயுதம் கொடுத்தவர்களின் பெயர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் அதில் இடம்பெற வேண்டும். பேச்சுப்போட்டிகளை நடத்தும் அமைப்புகள், இத்தகைய தலைப்பில் பேசும் மாணவரிடம் சுடப்பட்டவரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்குமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்தலாம். அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கான தலைப்புகளை முடிவு செய்யும் முன்பே இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்