கையை நீட்டச் சொல்லாதே

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழ சீசன் முடியப் போகிறது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் இன்னும் கூழ் தொழிற்சாலை வாசல்களில் வரிசையாக நிற்கின்றன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, எனக்கும் மைதானம் திரும்பக் கிடைத்துவிட்டது.

உன் மகள் சாஃப்ட்பால் ஆட ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பலம் முழுவதையும் போட்டு அடித்தும் பந்து தூரம் போகவில்லை, பாதி நேரம் அவளுக்கு இடப்பக்கம் இருக்கிற தேர்ட் பேஸ் பக்கமே உருள்கிறது, உடம்புக்குக் கிட்டே, உள்ளே வரும் பந்து பட்டால் உள்ளங்கை எரிகிறது என்கிறாள், இல்லையா? மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பேட்டை வீசும் ஸ்விங் தொடங்கும்போதே அவள் கையை நீட்டிவிடுகிறாள். அதை அவளாகச் செய்திருக்க மாட்டாள். "கையை நல்லா நீட்டி அடி" என்று யாரோ கத்தியிருப்பார்கள். எல்லா மைதானத்திலும் கேட்கிற வாசகம் இது. பிள்ளைகளின் ஸ்விங்கை இதைவிட அதிகமாகக் கெடுக்கிற வாசகத்தை நான் கேட்டதில்லை.

மாங்காய் பறிக்கிற தொரட்டியை நினைத்துப் பார். நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் சுலபமாகத் திருப்பலாம். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பச் சொன்னால் உடம்பே அதன் பின்னால் போகும். எடை உடம்பிலிருந்து தள்ளிப் போகப் போக அதைச் சுழற்றுவது கடினம். தூரம் இரட்டித்தால் கடினம் நான்கு மடங்காகும். பேட்டும் அப்படித்தான். கை மடங்கி, உடம்புக்குக் கிட்டே இருக்கும்போது இடுப்பு திரும்புகிற வேகம் சிந்தாமல் பேட்டுக்குப் போகிறது. முதலிலேயே நீட்டிவிட்டால் பேட் வெளியே பெரிய வட்டம் போட்டு, தாமதமாக வந்து சேரும். உள்ளே வரும் பந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் படும், கை எரியும். வெளியே போகும் பந்தைச் சுற்றி இழுப்பாள், மணிக்கட்டு சீக்கிரம் புரளும், பந்து தரையில் உருண்டு, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் கைக்கோ தேர்ட் பேஸுக்கோ போகும்.

நேரமும் கம்மி. பெண்கள் ஆட்டத்தில் பந்து போடுகிற பிட்சர் நிற்கிற இடத்துக்கும் அடிக்கிறவள் பக்கத்தில் இருக்கிற ஹோம் பிளேட்டுக்கும் 43 அடிதான், மீட்டர் கணக்கில் 13.11. மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு பந்து வந்தால் ஏறக்குறைய அரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, பேட்டையும் கொண்டுவர வேண்டும். சுற்று வழிக்கு அங்கே இடமே இல்லை.

அவள் வலக்கை ஆட்டக்காரி என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். பேட்டை உள்ளங்கையில் புதைத்துப் பிடிக்கக்கூடாது, விரல்களில் பிடிக்க வேண்டும். கதவைத் தட்டும்போது படுகிற விரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரட்டும். வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தோள் இறுகிவிடும், அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வரவும் நேரம் பிடிக்கும். இயல்பாகச் சாய்ந்து தொங்கினால் போதும்.

ஸ்விங் காலிலும் இடுப்பிலும் தொடங்கும். கை அதற்குப் பின்னால்தான் வரும். இடது முழங்கை வழி காட்ட, பேட்டின் அடிக்குமிழ் பந்தை நோக்கிப் போக வேண்டும். அதே சமயம் வலது முழங்கை இறங்கி விலாவுக்குப் பக்கத்தில் வந்து சேரும். பந்து படும் நொடியில் வலது முழங்கை இன்னும் மடங்கியே இருக்கும், வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், இடது உள்ளங்கை தரையைப் பார்க்கும். இரண்டு கையும் முழுதாக நீள்வது பந்து பட்ட பிறகுதான். மணிக்கட்டு புரள்வது அதற்கும் அப்புறம். ஃபோட்டோவில் பெரிய ஆட்டக்காரிகள் கையை நீட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு அதுதான் அடி என்று நினைக்கிறார்கள். அந்த நீட்டல் நல்ல ஸ்விங் போனதன் விளைவு. அதையே கட்டளையாகக் கொடுத்தால் முன்னதெல்லாம் குலைந்துபோகும்.

இதையெல்லாம் ஒரே நாளில் அவள் காதில் போட்டுவிடாதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேட்டைத் தூக்கும்போது முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை என்று நினைக்க ஆரம்பித்தால் பந்தைப் பார்க்க மாட்டாள். கை தானாகச் சரியான வழியில் போகிற மாதிரி ஒரு இடத்தை அமைத்துக் கொடு, போதும்.

நான் செய்வது இது. இரண்டு புங்க மரத்துக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிடுவேன். பிள்ளை புடவையைப் பார்த்து நின்று, பேட்டின் அடியைத் தொப்புளில் வைத்து, நுனி புடவையைத் தொடுகிற தூரத்தில் நிற்பாள். அங்கிருந்து புடவை அசையாமல் மெதுவாக ஸ்விங் செய்ய வேண்டும். கையை நீட்டினால் பேட் துணியில் மாட்டும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. சுவரை வைத்தும் செய்வார்கள், ஆனால் நம் பள்ளிகளில் இருக்கிற பேட்டுகளை உடைத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் மரத்தில் தொங்கவிட்ட பழைய கார் டயர். மெதுவாக வந்து அதில் பேட்டை வைத்து அப்படியே நிற்கச் சொல்வேன். முழங்கை எங்கே, உள்ளங்கை எந்தப் பக்கம் என்று அவளே குனிந்து பார்த்துக்கொள்வாள். பந்தை உட்காரவைத்து அடிக்கிற பேட்டிங் டீ வாங்கவும் காசு வேண்டாம். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, பிவிசி குழாயை நட்டு, மேலே ரேடியேட்டர் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் போதும், பந்து நன்றாக உட்காரும். அதை முன்காலுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வை.

அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடிக்கிற பயிற்சி ஒன்று உண்டு. எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. கொஞ்சம் அதிகமானால் கை உடம்போடு ஒட்டிப்போய், பந்து பட்ட பிறகும் விரியாமல் நின்றுவிடுகிறது.

முக்கியமான ஒன்று, அவள் பேட்டின் எடையைப் பார். பெரியவர்கள் பேட்டைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அதைக் கையால் சுற்றி இழுத்துத்தான் கொண்டுவரும். சின்ன பேட் கிடைக்காவிட்டால் கைப்பிடியில் நாலு விரல்கடை மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல். என்னிடம் வருகிற பெண்களில் பலர் ஏரியில் அண்ணன் தம்பிகளோடு கிரிக்கெட் ஆடியவர்கள். கண் கூர்மையாக இருக்கும். ஆனால் பேட்டை மேலிருந்து கீழே கொண்டுவருகிற பழக்கம் கையில் ஊறியிருக்கும். அவர்களுக்கு இந்தக் கிடைவீச்சு வர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். நான் அவசரப்படுத்துவதில்லை.

அவசரப்படுத்துவது வேறு விஷயத்தில்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் சில வீடுகளில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சுகூட எடுக்கிறார்கள். அதனால் ஆறாம் வகுப்பிலேயே பேட்டைக் கையில் கொடுத்துவிடுகிறேன். மாவட்ட அணி, வெளியூர்ப் பயணம் என்று ஒருமுறை போய்வந்த பிள்ளையை வீட்டில் நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை. 1996இல் அட்லாண்டாவில் நுழைந்து 2008க்குப் பிறகு ஒலிம்பிக்கை விட்டுப் போன சாஃப்ட்பால், டோக்கியோவில் ஒருமுறை வந்துபோய், 2028இல் மறுபடி வருகிறது. டோக்கியோ இறுதிப் போட்டியில் ஜப்பான் பெண்கள் அமெரிக்காவை வென்றதை என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நம்மைப் போலவே ஒல்லியாக இருக்கிறார்களே மிஸ் என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் ஒரு நாள் மாலைகூடத் தவறவில்லை.

உன் மகளின் ஸ்விங்கை வீடியோ எடுத்து அனுப்பு. பின்னாலிருந்து எடுக்காதே, அவள் நெஞ்சுக்கு எதிரே தள்ளி நின்று, பந்து படும் இடம் தெரிகிற மாதிரி ஸ்லோ மோஷனில் எடு. டீயில் வைத்து அடிப்பது ஒன்று, யாராவது போட்டு அடிப்பது ஒன்று. பேட்டின் எடையையும் நீளத்தையும் எழுது. பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கேட்சர்