ஒரு டெர்ம் பணம் தனியாக இருக்கிறது

கண்ணா,

இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து போனில் நீ சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பு நன்றாகப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை, குளிர் பழகிவிட்டது, ஹாக்கியில் இரண்டாவது அணியில் எடுத்திருக்கிறார்கள். அப்பா கேட்டாலும் இதே வரிசை, பாட்டி கேட்டாலும் இதே வரிசை. எதையும் இவ்வளவு ஒழுங்காகச் சொல்கிற பிள்ளை இல்லையே நீ! பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதையை நடுவில் ஆரம்பித்து, முன்னாலும் பின்னாலும் ஓடுவாய். கடைசியில் என்னதான் நடந்தது என்று நானே கோர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். போனில் கேட்டால் "ஒன்றுமில்லைம்மா" என்பாய். பக்கத்தில் யாராவது நின்றுகொண்டும் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பணத்தை நினைத்துத்தான் நீ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் கட்டணத்தைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். 2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி போட்டுவிட்டார்கள் என்று அப்பா புலம்பியதும் உன் காதில் விழுந்திருக்கும். இவ்வளவு செலவழித்து அனுப்பியிருக்கிறார்கள், பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைக்கிறாயோ என்னவோ. சரி, கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிள்ளையை நிறுத்துவதாக இருந்தால் ஒரு முழு டெர்முக்கு, அதாவது ஒரு பருவத்துக்கு, முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டெர்ம் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். அங்கே பெரும்பாலான தனியார் பள்ளிகளில் இதுதான் வழக்கம். அந்த ஒரு டெர்ம் பணத்தை நீ விமானம் ஏறுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அதை எடுத்து வைக்க முடியாத நிலை என்றால் உன்னை அனுப்பியிருக்கவே மாட்டோம். விசா விஷயமும் தெரிந்துகொள். அது அந்தப் பள்ளியை வைத்து வாங்கியது, பள்ளியை விட்டு நின்றால் அதன் காலத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைக்கட்டும். வீட்டுக்குக் கிளம்பி வருகிறவனுக்கு அது எதற்கு? உன் பழைய பள்ளியிலும் பேசிவிட்டேன், சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆக, நீ திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எங்களிடம் முழுப் பதிலும் இருக்கிறது. அந்தப் பாரத்தை நீ தூக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு அம்மா வரச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. உன்னை அனுப்பியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள இவ்வளவு தூரமா என்று சித்தப்பா கேட்டார். ஆங்கிலத்துக்காக யார் அனுப்பினார்கள்? அது இங்கேயே வந்திருக்கும். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான ஜிசிஎஸ்இ முடிந்ததும், பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலில் மூன்று பாடம் எடுத்தால் போதும், இயற்பியல், கணக்கு இரண்டோடும் இசையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்று வீடெல்லாம் குதித்தது நீதான். இசையை ஒரு பாடமாக, இயற்பியலுக்குச் சமமாக உட்கார வைத்த இடம் உனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

ஆனால் அந்த மாதிரிப் பள்ளிகளுக்குப் பழைய சுபாவம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே படித்த பையன்களில் எத்தனையோ பேர் பின்னாளில் காலனி நாடுகளுக்கு அதிகாரிகளாகவும் ராணுவத்தினராகவும் போனார்கள். வீட்டை விட்டு வெகுதூரத்தில் வருடக்கணக்கில் தனியாக இருக்க வேண்டிய வேலை. வலித்தாலும் முகத்தில் காட்டாதவன்தான் அதற்கு லாயக்கு என்று நினைத்து, சின்ன வயதிலேயே பிள்ளைகளை அப்படிப் பழக்கினார்கள். அங்கே தனியார் பள்ளிகளில் பிரம்படியைச் சட்டப்படி நிறுத்தியதே 1999ல்தான். உன் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மாஸ்டருக்கு என்ன வயது இருக்கும்? நீயே கணக்குப் போட்டுப் பார். அவர் நல்ல மனிதர், சேர்க்கையின்போது பேசிய விதத்திலேயே தெரிந்தது. இப்போது விதிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. இருந்தாலும் முணுமுணுக்காத பையனுக்கு அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதைதான் இருக்கும் என்பது என் சந்தேகம். நீ எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவன். இதைப் பிடித்துக்கொள்ளாதே.

நேரு 1905ல் ஹாரோ பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு 15 வயது. அந்தக் கூட்டத்தில் தான் முழுக்கப் பொருந்தவே இல்லை என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தால், 1907ல் அங்கிருந்து கிளம்பும்போது கண்ணில் தண்ணீர் வந்ததாம், அது தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்கிறார்! ஒரே பையனுக்கு இரண்டும் நடக்கும். அதனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று உன்னிடம் ஒரே பதில் கேட்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை பிடித்திருந்தது, வியாழக்கிழமை பிடிக்கவில்லை என்று எழுது. அது போதும் எனக்கு.

முதல் சில வாரங்கள் அடிக்கடி போன் செய்யாதீர்கள், பிள்ளை பழகுவதற்கு இடம் கொடுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், கடைப்பிடித்தும் வருகிறேன். அது எனக்குப் போட்ட விதி, உனக்கு இல்லை. எந்த நேரமானாலும் நீ கூப்பிடலாம்.

வீட்டு ஞாபகம் வருவது வேறு, யாராவது தொல்லை கொடுப்பது வேறு. ஞாயிறு மதியம் அட்டவணையில் ஒன்றும் இல்லாத நேரத்திலும், இரவுப் படிப்பு நேரமான பிரெப் முடிந்து படுக்கப் போகும்போதும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறதென்றால் அது முதல் வகை. அதற்கு யாரிடமும் மருந்து இல்லை, இங்கே எனக்கும் அதே நேரத்தில்தான் வருகிறது. இரண்டாவது வகையைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. உன் உச்சரிப்பைக் கேலி செய்வது ஒரு நாள் விளையாட்டாக இருக்கலாம், தினமும் நடந்தால் விளையாட்டு இல்லை. ஹவுஸ்மாஸ்டரிடம் சொல், அவரிடம் கூச்சமாக இருந்தால் விடுதிப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்கும் மேட்ரனிடம் சொல். பள்ளியைச் சேராத வெளியாள் ஒருவரும் இருப்பார். விடுதிப் பிள்ளைகள் நேராகப் பேசுவதற்கு அப்படி ஒருவர் இருக்க வேண்டும், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. அவர் யார் என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள், தேவைப்படும்போது தேடக் கூடாது. பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன், எண் 0800 1111, இலவசம். அவர்களோடு பேசினால் பள்ளியையோ எங்களையோ காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடாது.

தமிழ் மறந்துவிடுவாயோ என்று பாட்டிக்குக் கவலை. அரவிந்தர் கதையைச் சொல்லிவிட்டது நான்தான். 1879ல் ஏழு வயதில் அவரை இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் விட்டுவிட்டு, இந்தியர் யாரோடும் பழகவிடாதீர்கள் என்று அவர் அப்பா சொல்லிவிட்டு வந்தார். தாய்மொழியான வங்காளியை வளர்ந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1893ல் அவர் திரும்பி வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. இதைக் கேட்டதிலிருந்து பாட்டி உன்னிடம் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுகிறாள். பொறுத்துக்கொள். மற்றபடி எனக்கு அந்தக் கவலை இல்லை. கோபம் வந்தால் உனக்குத் தமிழ்தான் வருகிறது.

இருட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். நமக்குள் நேர இடைவெளி இன்னும் ஒரு மணி கூடும், நீ கூப்பிடும்போது எங்களுக்கு இன்னும் நேரமாகியிருக்கும், பரவாயில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், காலை எட்டு மணி வாக்கில்தான் வரும். அந்த நாட்களில் மனசு சோர்ந்து போனால் படிப்போ பள்ளியோதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதே. மதிய இடைவேளையில் அறைக்குள் உட்காராமல் வெளியே போய் நட.

டெர்ம் நடுவில் வரும் ஹாஃப் டெர்ம் விடுமுறைக்கு, அங்கே உனக்குப் பொறுப்பாக இருக்கும் கார்டியன் வீட்டில் தங்குவதற்கான அனுமதிப் படிவத்தை அப்பா அனுப்பிவிட்டார். அவர்கள் காரில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்கிறார்கள், நீ நண்பனோடு ரயிலில் போக ஆசைப்பட்டாய். ரயில் என்றால் பள்ளிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல். இங்கிருந்து கொண்டுபோன மாத்திரைகளை மேட்ரனிடம் கொடுத்தாயா, இல்லை இன்னும் பெட்டியிலேயே இருக்கிறதா? ஹாக்கிக்குப் பல் கவசம் வாங்க வேண்டும் என்றாயே, அளவு எடுத்துச் செய்வதா கடையில் கிடைப்பதா என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா