அடையாள அட்டைப் பிரதிகள்: ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம்

வெள்ளவத்தைக் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த வாரம் நமது குப்பைத்தொட்டியருகே, இலக்கமும் கையொப்பமும் தெளிவாகத் தெரியும் தேசிய அடையாள அட்டைப் பிரதியொன்று, வடை சுற்றிய எண்ணெய்க் கறையுடன் கிடந்தது. அந்த இலக்கத்திலேயே ஒருவர் பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருப்பதால், அதை வெறும் காகிதமென எண்ண வேண்டாம்.

1. பிரதி கொடுக்கும்போது, யாருக்கு, எதற்காக, எத்திகதியில் என்பதைக் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.
2. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் ஓ.டி.பி. இலக்கத்தை (கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம்) சொல்லாதீர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இருமுறை சொல்லுங்கள்.
3. எடுக்காத கடனுக்கு அழைப்பு வந்தால், கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில் (CRIB) உங்கள் கடன் அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள்.

கீழ்த்தளக் கூட்டத்துக்கு வருவோர் வெள்ளிக்கு முன் வீட்டு இலக்கத்தை மட்டும் பதிலிடவும். அட்டைப் படங்களை இங்கே பதிவிட வேண்டாம் (சென்ற மாதம் இருவர் பதிவிட்டனர்).