நொதி நல்லது, பஃபர் கெட்டது: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: பொறுப்பாளர், மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஈகோஆர்1 நொதியுடன் வந்த பஃபர் தொகுதியை மாற்றித் தரவும், அதே தொகுதியை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்குத் தெரிவிக்கவும் கோருதல்

பார்வை: எங்கள் முதல் புகாருக்கு உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல்

ஐயா,

வணக்கம். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதியாக உங்களிடம் வாங்கிய ஈகோஆர்1 சரியாக வெட்டவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மூன்றே வரியில் பதில் வந்தது. நொதியை அளவுக்கு மீறிச் சேர்த்திருப்போமாம், நொதியைக் காக்கச் சேர்க்கும் கிளிசரால் கூடியிருக்குமாம், உறைபெட்டியில் ஒழுங்காக வைத்திருக்க மாட்டோமாம். ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் புதிய குப்பி ஒன்று அனுப்புவதாகச் சொன்னீர்கள். அனுப்பினீர்கள், நன்றி. அதிலும் அதே கோளாறு. கூட வந்த பஃபரின் (நொதி வேலை செய்யத் தேவையான உப்பும், அமில-கார அளவான பிஎச்சும் தரும் கரைசல்) குழாயைத் திருப்பிப் பார்த்தால், பழைய அதே தொகுதி எண்.

முதலில் என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். "சரியாக வெட்டவில்லை" என்று நான் எழுதியது தவறு. வெட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் வெட்டுகிறது. கூடவே, வெட்டக் கூடாத இடங்களிலும் வெட்டுகிறது.

சோதனைக்கு எடுத்தது லாம்டா வைரஸின் டிஎன்ஏ. 48,502 எழுத்து இணைகள் கொண்ட அதில் ஈகோஆர்1 வெட்டும் இடங்கள் ஐந்து, கிடைக்க வேண்டிய துண்டுகள் ஆறு: 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்து, சிறியவை கீழே வரும்படி பட்டைகளாகக் காட்டும் எங்கள் ஜெல்லில் ஆறும் இருக்கின்றன. ஆனால் 3,530-க்குக் கீழே, இருக்கவே கூடாத மூன்று மெல்லிய பட்டைகள் தெரிகின்றன. அரைகுறையாக வெட்டியிருந்தால் பெரிய துண்டுகள் மேலே தங்கியிருக்கும், கீழே புதிதாக எதுவும் வராது. டிஎன்ஏ சிதைந்திருந்தால் தடம் முழுக்கப் புகை போல இழுபட்டிருக்கும். இவை கூர்மையான பட்டைகள். லாம்டாவின் ஒட்டும் முனைகளால் முதல் துண்டும் கடைசித் துண்டும் சேர்ந்துகொள்ளும் என்று அடுத்த மின்னஞ்சலில் பாடம் எடுத்துவிட வேண்டாம். 65 பாகையில் சூடாக்கிய பிறகே ஜெல்லில் ஏற்றினோம். தவிர, அப்படிச் சேர்ந்தால் பட்டை மேலே வருமே ஒழியக் கீழே வராது.

இனி கிளிசரால். உங்கள் நொதி 50 சதவீத கிளிசராலில் வருகிறது. அதில் 1 மைக்ரோலிட்டரை 50 மைக்ரோலிட்டர் கலவையில் சேர்த்தோம். கலவையில் 1 சதவீதம்தான் ஆகிறது. 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்கிறது உங்கள் விவரத் தாள். 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 10 அலகு நொதி, 37 பாகை, ஒரு மணி நேரம். இவையும் அந்தத் தாளில் இருப்பவையே. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கலாம்.

இந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது தானே தெரியும். ஈகோஆர்1 ஒரே வார்ப்பில் வந்த இரண்டு துணையலகுகளின் ஜோடி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 31,000 டால்டன் எடை. நொதி தேடும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தை எதிரிழையில் படித்தாலும் அதே ஆறெழுத்துதான், ஆகவே ஆளுக்கொரு பாதியாக இரண்டும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்கின்றன. டிஎன்ஏ மீது எங்கு வேண்டுமானாலும் தளர்வாகத் தொற்றி வழுக்கிச் செல்லும் நொதி, சரியான ஆறெழுத்து வந்ததும் இறுகிவிடுகிறது. டிஎன்ஏ நடுவில் சற்றே முறுக்கவிழ்ந்து வளைகிறது. அப்போதுதான் நொதியின் அமினோ அமிலங்களில் 91-ஆம் இடத்து ஆஸ்பார்டேட்டும் 111-ஆம் இடத்து குளுட்டமேட்டும் மெக்னீசியம் அயனியைப் பிடிக்க, 113-ஆம் இடத்து லைசினும் துணைக்கு வந்து, வெட்டும் மையம் கூடி அமைகிறது. அடையாளம் காண்பதும் வெட்டுவதும் இப்படிப் பின்னிக்கிடப்பதால்தான் ஓரெழுத்து பிசகினாலும் வெட்டும் வேகம் பல்லாயிரம் மடங்கு குறைகிறது. இந்த நொதியை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தன் டிஎன்ஏவில் உள்ள ஜிஏஏடிடிசி எல்லாவற்றிலும் மெத்தில் முத்திரை குத்திக் காத்துக்கொள்ளும் அது, ஓரெழுத்து மாறிய இடங்களுக்கு முத்திரை குத்துவதில்லை.

உப்பு குறைந்து பிஎச் ஏறினால் இந்தக் கறார் தளர்ந்துபோகிறது. 1975-லேயே வெளிவந்த செய்தி இது. ஸ்டார் ஆக்டிவிட்டி (இடம் தவறி வெட்டுதல்) என்று உங்கள் தாளிலும் ஒரு பத்தி இருக்கிறது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அதில் கிளிசரால் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டது போலும்.

எங்களிடம் முந்தைய கொள்முதலின் நொதியும் பஃபரும் கொஞ்சம் மீதமிருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்து நான்கு குழாய்கள் வைத்தோம். பழைய பஃபர் சேர்ந்த இரண்டு குழாய்களிலும், நொதி பழையதோ புதியதோ, ஆறே பட்டைகள். புதிய பஃபர் சேர்ந்த இரண்டிலும், பழைய நொதியைப் போட்டிருந்தும்கூட, கள்ளப் பட்டைகள். குற்றவாளி நொதி இல்லை. புதிய பஃபரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து 25 பாகையில் பிஎச் பார்த்தோம். லேபிளில் 7.5, கருவியில் 8.7. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் பழைய பஃபரில் பாதிகூட இல்லை. டிரிஸ் என்ற வேதிப்பொருள் கொண்ட பஃபரின் பிஎச் வெப்பநிலையோடு மாறும் என்று வாதாடலாம். பாகைக்கு 0.03 அளவில்தான் மாறும். இந்த வித்தியாசம் வர 40 பாகை குளிர்ந்திருக்க வேண்டும், பஃபர் பனிக்கட்டியாகியிருக்கும். கடைசியாக, உங்கள் பஃபரிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை இறக்கி, சோடியம் குளோரைடு சேர்த்துப் பழையதற்குச் சமமாக்கினோம். கள்ளப் பட்டைகள் மறைந்தன. எல்லா ஜெல் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இதனால் பட்ட நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜீனை வெட்டி, பாக்டீரியாவுக்குள் பெருகும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் சேர்த்தோம். பாக்டீரியாக் காலனிகள் வந்தன, மகிழ்ந்தோம். ஆனால் ஈகோஆர்1 போட்டு வெட்டினால் உள்ளே வைத்த துண்டு வெளியே வரவில்லை. வளையம் ஓரிடத்தில் மட்டும் அறுந்து நீண்டு நின்றது. டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஜீனுக்குள் இருந்த ஜிஏஏடிடிஏ என்ற இடத்திலும் நொதி வெட்டியிருக்கிறது. அங்கே வெட்டினாலும் ஏஏடிடி என்ற அதே ஒட்டும் முனைதான் மிஞ்சும், ஆகவே குறைத்துண்டு சத்தமில்லாமல் பிளாஸ்மிடில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பின் அந்த முனை ஜிஏஏடிடிசி இல்லை, மீண்டும் வெட்டவும் முடியாது. மூன்று வாரம் போயிற்று. ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் கைதான் சரியில்லை என்று இரண்டு முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். உங்கள் மூன்று வரிப் பதிலை அவரும் படித்தார் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

குப்பியோடு வந்த தரச் சான்றிதழில் "லாம்டா சோதனை: தேர்ச்சி" என்றிருக்கிறது. அந்தச் சோதனையை எந்த பஃபரில் செய்தீர்கள்? வாடிக்கையாளருக்குப் போகும் குழாயிலிருந்தா, உங்கள் ஆய்வகத்தில் தனியாகக் கலக்கி வைத்திருப்பதிலிருந்தா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இன்னொரு நொதிக் குப்பி வேண்டாம், இருக்கிற இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. வேறு தொகுதி பஃபரும், அதன் பிஎச், மின்கடத்துத் திறன் அளவுகளும் அனுப்புங்கள். வீணான வேதிப்பொருட்களுக்கும் வரிசை படித்த செலவுக்கும் ஈடு கேட்டுத் தனிப் பட்டியல் இணைத்துள்ளேன். இந்தத் தொகுதியை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கு இந்த வாரத்திலேயே தெரிவியுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவோம். உங்கள் பஃபர் குழாய் ஒன்றைத் திறக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது வந்தால் அவர் கண்ணெதிரே அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்