பாப்பா, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வை

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஓடிஜி (கேக், பிரெட் சுடுகிற கரண்ட் அடுப்பு) ஒன்று, சின்னத் தையல் மிஷின் ஒன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செட் இரண்டு, அலமாரிக்குள் தொங்கவிடுகிற துணி அடுக்கு ஒன்று. "இனிமே சிக்கனமா இருக்கப் போறோம்பா, பிரெட் வீட்லயே செய்யப் போறேன், கிழிஞ்சதைத் தைக்கப் போறேன், வேண்டாததை எல்லாம் கழிக்கப் போறேன், இதுல எதை முதல்ல வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே, அதுதான் என் பதில். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிக்கனமாக இருப்பதற்கென்று செலவு செய்வது இப்போது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் நம் தெருவிலேயே பார்க்கிறேன், ஜூஸ் பிழிய ஒரு மிஷின், தயிர் உறைய ஒரு மிஷின், அப்புறம் அதையெல்லாம் வைக்க இடம் இல்லை என்று ஒரு புது அலமாரி. நீ கேட்ட மூன்று வேலையும் நல்ல வேலைதான். வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் நான் கட்டிங் செக்‌ஷனில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்தேன் என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. தோல் மேசைக்கு வந்ததும் யாரும் கத்தியை எடுக்க மாட்டோம். முதலில் கையால் தடவிப் பார்ப்போம். மாட்டுக்கு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள்வேலியில் கீறின கோடு இருக்கும். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுத்த இழுப்புக்கு வரும். ஷூவில் எல்லார் கண்ணும் படுகிற, நடக்க நடக்க மடங்குகிற முன்பக்கத் துண்டை முதுகில்தான் வெட்ட வேண்டும். உள்ளே மறைந்து போகிற நாக்குத் துண்டுக்கு வயிறு போதும். ஒரு துண்டின் வளைவுக்குள் அடுத்த துண்டின் மூக்கு உட்காருகிற மாதிரி டையை (துண்டு வெட்டுகிற அச்சை)த் திருப்பித் திருப்பி வைப்போம். இத்தனை சதுர அடித் தோலில் இத்தனை ஜோடி வர வேண்டும் என்று கணக்கு உண்டு, மிச்சம் பிடிக்கிறவன்தான் நல்ல கட்டர். கத்தி எவ்வளவு கூர் என்பதை விட, இந்தத் தோலில் எந்த இடம் எதற்கு ஆகும் என்று தெரிவதுதான் அங்கே தொழில். வீட்டையும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கழிக்கும்போது அறை அறையாகப் போகாதே. வகை வகையாகப் போ. டிபன் பாக்ஸ் என்றால் வீட்டில் எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையையும் ஹாலில் கொண்டு வந்து பரப்பி, மூடியை வைத்துப் பார். மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் எத்தனை வருகிறது என்று பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும். மூடி இல்லாததில் வெங்காயம் பூண்டு போட்டு வை. டப்பா இல்லாத மூடியைத் தூக்கிக் கொடுத்துவிடு, அதற்கு ஒரு நாளும் ஜோடி வராது. இதை முடித்தபிறகு அந்தப் புது டப்பா செட் தேவையா என்று நீயே சொல். சார்ஜர் வயர், பெட்ஷீட், மாத்திரை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகை போதும். ஒரே நாளில் மொத்த வீட்டையும் கலைத்துப் போட்டுவிட்டு ராத்திரி படுக்க இடமில்லாமல் மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. பழைய போன், பேட்டரி இதையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடாதே, அதைத் தனியாக வாங்குகிற இடம் உங்கள் ஊரில் கட்டாயம் இருக்கும்.

துணி கொடுக்கும்போது ஒரு விஷயம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குக் கொடுக்கிற புடவையோ சட்டையோ துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்க பாட்டி அப்படித்தான் கொடுப்பார்கள். கிழிந்ததைக் கொடுத்து நம் வீட்டுக் குப்பையை அவர்கள் வீட்டுக்கு மாற்றுவதற்குப் பெயர் தானம் இல்லை. கிழிந்ததும் நைந்ததும் கரித்துணிக்கு. போகிக்குக் கொளுத்தலாம் என்று நினைக்காதே, பாதித் துணியில் பாலியெஸ்டர்தான் இருக்கிறது, அந்தப் புகை நமக்கே கேடு.

உன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரம் இன்னும் நம் பரணில்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயரை வெட்டியிருப்பதால் வேறு கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை, காயலான் கடையில் எடைக்குப் போட அம்மாவுக்கு மனசும் வரவில்லை. நீ வரும்போது எடுத்துப் போ. மாவு பிசைய அகலத் தாம்பாளம் அதிலேயே இருக்கிறது.

இப்போது தையல். அந்தச் சின்ன மிஷின் வேண்டாம், ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்பு வந்தாலே அது திணறும். இங்கே அம்மாவின் கால் மிஷின் உன் வயசை விடப் பெரியது, இன்னும் எண்ணெய் விட்டால் ஓடுகிறது. அதன் தோல் பெல்ட் தளர்ந்துவிட்டால் நானே துளி வெட்டி, கம்பிக் கொக்கியைத் திருப்பி மாட்டிவிடுவேன், அதற்கு மேல் அதற்குச் செலவே இல்லை. உனக்கு அதுகூட இப்போது வேண்டாம். ஊசி, கறுப்பு, வெள்ளை, நீலம், பழுப்பு நூல், ஒரு நல்ல கத்தரிக்கோல் போதும்.

கிழிசலைத் துவைப்பதற்கு முன்னால் தைத்துவிடு. துவைத்துவிட்டுத் தைக்கலாம் என்று வாஷிங் மிஷினில் போட்டால் விரல் நுழைகிற ஓட்டை கை நுழைகிற ஓட்டையாகி வெளியே வரும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதே, சிக்கு விழும். சட்டைப் பட்டன் தைக்கும்போது பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேல் நூல் போகிற மாதிரித் தை. முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே இழுத்தால் அடியில் நூல் கொஞ்சம் தளர்ந்து நிற்கும், அந்தத் தண்டைச் சுற்றி நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு. பட்டன் கழுத்து மாதிரி எழும்பி நிற்கும், காஜாவில் மாட்டும்போது துணியைப் பிய்க்காது. கடையில் வாங்குகிற சட்டையில் பட்டன் விழுவதற்கு இந்தக் கழுத்து இல்லாமல் தைப்பதும் ஒரு காரணம்.

மாப்பிள்ளையின் ஜீன்ஸ் தொடை இடுக்கில் நைந்துவிட்டது என்று சொன்னாய். உள்பக்கமாக ஒட்டுப் போடு. ஒட்டுத்துணி ஓட்டையை விட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிசாக இருக்க வேண்டும், நைந்த இடத்தில் தையல் பிடிக்காது, நல்ல துணியில்தான் பிடிக்கும். மூலையை வட்டமாக வெட்டு, சதுர மூலைதான் முதலில் பிரியும். பழைய ஜீன்ஸின் கணுக்கால் பகுதி ஒட்டுக்கு ஆகும், அங்கே யாருக்கும் தேய்வதில்லை.

பெட்ஷீட்டும் தோல் மாதிரியேதான் பாப்பா. நடுவில்தான் நைந்து கண்ணாடியாகத் தெரியும், ஓரம் இரண்டும் புதிதாக இருக்கும். நீளவாக்கில் நடுவே இரண்டாகக் கிழித்து, ஓரங்களை உள்ளே கொண்டு வந்து ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தால், நைந்த பகுதி வெளி ஓரத்துக்குப் போய் மெத்தைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நடுவில் ஒரு தையல் கோடு முதுகில் உறுத்தும் என்று நீ சொல்வாய், படுத்துப் பார்த்துவிட்டுச் சொல். பருத்திப் புடவையும் அப்படித்தான், கீழ்க்கரையும் இடுப்பில் செருகுகிற இடமும்தான் போகும், மற்ற இடம் திடமாக இருக்கும், அதில் தலையணை உறை வரும், மஞ்சப்பை வரும். அரசாங்கம் 2021-இல் மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்ததற்கு முன்பே நம் வீட்டில் கதவுக்குப் பின்னால் பை தொங்கிக்கொண்டிருந்ததே, எல்லாம் உங்க அம்மாவின் பழைய புடவைதான்.

பட்டுப் புடவையில் மட்டும் நீ கை வைக்காதே. உன் ஆரணிப் பட்டில் ஆணி மாட்டிக் கிழிந்ததை ரஃபு போடுகிறவரிடம் கொடுத்துக்கொள்ளலாம், கொண்டு வா. அதே புடவையிலிருந்தே இழை உருவி நெய்து விடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது.

பேக்கிங் பற்றி எனக்குத் தெரியாது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். ஓடிஜி இல்லாமலே கேக் வரும். ரப்பர் பிடிக்காமல் ஆவி போகிறது என்று ஓரம் கட்டி வைத்த பழைய குக்கரை எடு. தினமும் சோறு வைக்கிற குக்கர் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் கெட்டுப்போகும். அடியில் கல் உப்பு இரண்டு தம்ளர் கொட்டி, மேலே ஒரு பாத்திர வளையம் வைத்து, மூடியில் ரப்பரும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிஷம் காய விடு. இந்த இரண்டையும் எடுப்பதை மறக்கக் கூடாதாம், மூன்று தடவை சொல்லிவிட்டாள். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும், சமையலுக்குத்தான் ஆகாது.

கறுத்துப்போன வாழைப்பழம் பெரிசாக மூன்று மசித்து, பொடித்த வெல்லம் 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, தயிர் கால் தம்ளர், ஏலக்காய். இதில் கோதுமை மாவு 250 கிராம், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துச் சலித்துப் போட்டு, மாவு மறைகிற வரைக்கும் மட்டும் கலக்கு. இட்லி மாவு மாதிரி அடித்து ஆட்டினால் கேக் ரப்பராக வரும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றிக் குக்கருக்குள் வைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

பிரெட்டுக்கு மைதா பாதி, கோதுமை பாதி, மொத்தம் அரைக் கிலோ, தண்ணீர் 300 மில்லிக்குக் கொஞ்சம் மேலே, ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், கடைசியில் எண்ணெய். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைய வேண்டும். இங்கே சித்திரை வெயிலில் மாவு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு பங்காகிவிடுகிறது, புனே மார்கழிக் குளிரில் இரண்டு மணி நேரம் கூட இழுக்கும், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார். அப்புறம் அமுக்கிக் காற்றை எடுத்து, உருட்டிப் பாத்திரத்தில் வைத்து, மறுபடி எழும்பினதும் குக்கருக்குள் வை. குக்கரில் மேல்பக்கம் சிவக்காது, வெந்ததும் தோசைக்கல்லில் குப்புறப் போட்டு எடு. மீந்து காய்ந்த பிரெட்டை ரஸ்க்காக்கலாம், அம்மா மொட்டை மாடியில் போட்டே முறுகவைத்துவிடுகிறாள், கத்தரிக்காய் வற்றல் பக்கத்திலேயே. (இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து உங்க அம்மாவுக்கு அதன் மேல் இன்னும் பெருமை. உனக்கு ஒரு பை வற்றல் கட்டி வைத்திருக்கிறாள்.)

இப்படிக் குக்கரில் செய்து செய்து, வாரா வாரம் செய்கிறாய், கடை பிரெட் வாங்குவது நின்றுவிட்டது என்றால் அப்போது ஓடிஜி வாங்கு, நான் தடுக்க மாட்டேன். 1500 வாட் என்று போட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை யூனிட். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு அளவு வரை கரண்ட் இலவசம் என்பதால் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை, உனக்கு அப்படி இல்லை. சூடானதும் கேக்கும் பிரெட்டும் அடுத்தடுத்து வைத்துவிடு, அணைத்தபிறகு மிச்சச் சூட்டில் ரஸ்க் காயட்டும். ஒரே ஒரு கேக்குக்காகக் காயவைப்பது வீண். பொட்டலம் ஈஸ்ட்டைப் பிரித்தால் பிரிட்ஜில் வை.

அப்புறம் உன் டிராவல் பேக் ஜிப், பல் நன்றாக இருக்கிறது, ரன்னர்தான் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். குறட்டால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல அமுக்கிப் பார், நிறைய ஜிப் அதிலேயே சரியாகிவிடும். பலமாக அமுக்கினால் உடைந்துவிடும். சரியாகவில்லை என்றால் ரன்னரின் பின்பக்கம் 5 என்றோ 8 என்றோ நம்பர் பொறித்திருக்கும், அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. லாங் பஜார் பக்கம் போகும்போது வாங்கி வைக்கிறேன், நீ காட்பாடியில் இறங்கின அன்றைக்கே மாட்டிவிடலாம்.

அன்புடன்,
அப்பா