பெர்கன் துறைமுகத்து மரவீடுகள்

பெர்கன், நார்வே

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். வேலையும் தங்குமிடமும் நல்லபடியாக அமைந்ததை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஆயுள் முழுவதும் மரத்தோடு பழகிய உங்களுக்கென்றே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்வூர்த் துறைமுகக் கரையில் பிரிகன் என்றொரு பழைய வணிகக் குடியிருப்பு இருக்கிறது. ஹான்சா என்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் 1360 வாக்கில் இங்கே அமைத்த அலுவலகம் 1754 வரை நடந்தது. வடக்கிலிருந்து, உப்பே இடாமல் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீன் கருவாடு இங்கு வந்து இறங்கும். அதற்கு ஈடாகத் தானியம் வடக்கே போகும். 1702இல் தீ எல்லாவற்றையும் அழித்தபோது, பழைய மனைக்கோடு மாறாமல் அதே இடத்தில் மீண்டும் மரத்தாலேயே கட்டினார்கள். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 62 கட்டடங்கள். 1979 முதல் இவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன.

முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் இந்த வீடுகளின் இடையே பலகை பாவிய சந்துகள் செல்கின்றன. மேல்தளத்து நடைகள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தீக்குப் பயந்து இவ்வீடுகளுக்குள் நெருப்பு மூட்டுவதையே தடைசெய்திருந்தார்கள். இந்த ஊர்க் குளிரை நேரில் அறிந்த பிறகு, அந்தத் தடையின் கடுமை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. சமைக்கவும் குளிர்காயவும் பின்புறத்தில் தனிக் கூடங்கள் இருந்தன. அவையும் இப்போது அருங்காட்சியகமாக உள்ளன. திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, சொந்த ஊரை விட்டு வந்த ஆண்களும் தொழில் பழக வந்த சிறுவர்களும் அங்கேதான் கூடி உண்டார்கள். வீட்டை விட்டுத் தொலைவில் இருப்பவன் என்பதால், அந்தப் பிள்ளைகளை நினைத்து என் மனம் மிகவும் கனத்தது.

1955இல் மீண்டும் ஒரு பகுதி எரிந்தது. மிஞ்சியதையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு ஊரில் எழுந்திருக்கிறது. ஆனால் எரிந்த நிலத்தை அஸ்பியோர்ன் ஹெர்டைக் என்ற தொல்லியலாளரின் தலைமையில் அகழ்ந்தபோது, நூற்றாண்டுகளின் தடயங்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் கீறிய பொருள்கள் மட்டும் அறுநூறுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறு மரக்குச்சிகள். சரக்கு இன்னாருடையது என்று உரிமையாளர் பெயரைக் கத்தியால் கீறிக் கட்டிவிட்ட குச்சிகளும் உண்டு. கிதா என்ற பெண் உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று எழுதிய குச்சியும் உண்டு. அந்நிலத்திலேயே 1976இல் திறந்த அருங்காட்சியகத்தில், மிகப் பழைய வீடுகளின் அடிமரங்களைக் கிடைத்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அரசர்களின் பொருள்களைக் காட்டிலும் இந்தக் குச்சிகளே பாதுகாக்கத் தக்கவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உங்களிடம் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. முழுக்க நீரில் மூழ்கிய மரம் கெடாது, நனைந்தும் காய்ந்தும் மாறிமாறிக் கிடக்கும் மரமே உளுத்துப்போகும் என்று பட்டறையில் அடிக்கடி சொல்வீர்களே, அதுவே இங்கு நடந்தது. பக்கத்தில் புதிய கட்டுமானம் வந்தபின் நிலத்தடி நீர் வடிந்துபோனது. அடியில் புதைந்திருந்த பழைய மரங்களுக்குக் காற்று எட்டி அவை மட்கத் தொடங்கவே, மேலிருந்த வீடுகள் ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் வீதம் அமிழ்ந்தன. மழைநீரை வடிகாலில் விட்டுவிடாமல் நிலத்துக்குள்ளேயே இறங்கச் செய்து, நீர்மட்டத்தை மீண்டும் உயர்த்தியிருக்கிறார்கள்.

பழுதுபார்க்கும் தச்சர்கள் கோடரியும் உளியும் கொண்டு பழைய முறையிலேயே வேலை செய்கிறார்கள். உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வைரம் பாய்ந்த பைன் மரத்தை ஒட்டுப்போடுகிறார்கள். நல்லதாக இருக்கும் பழைய மரத்தில் ஒரு விரற்கடை கூட வீணாவதில்லை. முழுமரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் பள்ளம் வெட்டிக் கவ்வவிடும் அவர்களது பொருத்து முறை, துளையில் முளையைச் செருகும் நம் கழுந்து வேலையிலிருந்து மிகவும் வேறுபட்டது.

அந்த மூலைகளின் படங்களைத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பொருத்தைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதை விரிவாக எழுதுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் என் வணக்கங்கள்.

தங்கள் அன்பு மகன்,
குமரன்