எங்கள் திருவருகை வளையத்தைச் சுமந்த அனைவருக்கும் நன்றி

அன்புள்ள பெற்றோர், ஆசிரியர்கள், அருட்சகோதரிகள், அயலவர்கள் அனைவருக்கும்,

நத்தார்க் குடிலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. பாடசாலை தொடங்கிவிட்டால் நாலு பேரை ஒன்றாகப் பிடித்து நன்றி சொல்ல நேரம் கிடைக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும், நத்தாருக்கு முந்திய நாலு கிழமையான திருவருகைக் காலத்தில், வளையத்தின் நாலு மெழுகுதிரிகளில் முதல் திரியைப் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஏற்றுவோம். அடுத்த கிழமை இரண்டாவது. அதற்குள் பாடசாலையின் நத்தார் கொண்டாட்டமான ஒளி விழாவும் முடிந்து விடுமுறை வந்துவிடும். மிச்சம் இரண்டு திரியும் பூட்டிய மண்டபத்துக்குள் ஏற்றாமலே கிடக்கும். பல வருடமாக இது என் மனத்தை உறுத்தியது, ஆனால் வாய் திறந்து கேட்டது தரம் நான்குப் பிள்ளை ஒன்று: "மிச்ச ரெண்டையும் ஆர் கொளுத்துற?" முதல் நன்றி அவளுக்குத்தான். வளையத்தை வீடு வீடாக அனுப்பும் யோசனை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

வளையத்துக்குப் பழைய சைக்கிள் ரிம் ஒன்றைத் தந்தவர் தாண்டவன்வெளியில் சைக்கிள் திருத்தும் ஐயா. கம்பிகளைக் கழற்றி, கோணலை நிமிர்த்தி, திரி நிற்க நாலு தகரக் கிண்ணமும் ஒட்டித் தந்தார். பிள்ளையார் கோயிலுக்குப் போகிற மனிதர். ஒரு சதமும் வாங்கவில்லை. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற போதகர், நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டாராம். சமய பாட டீச்சர் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே புளுகம். சக்கரத்தில் தொடங்கியது சக்கரத்துக்கே வந்துவிட்டதே!

கல்லடிக் கடற்கரையிலிருந்து கொட்டும் மழையில் சவுக்குக் கொப்பு கொண்டுவந்த எங்கள் பிள்ளைகளின் தந்தைமார் இருவருக்கும், குடிலின் சம்மனசுகளுக்கு (வானதூதர்களுக்கு) வெள்ளைத் துணி தந்த காத்தான்குடிக் கடைக்காரருக்கும் நன்றி.

மூன்று திரி ஊதா, ஒன்று ரோசா நிறம். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு என்பதால் அன்றைக்கு ரோசா நிறத் திரி வேண்டும். பட்டணம் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. எங்கள் சிஸ்டர் ஒருவர் "கடையில இல்லாட்டி நாமதான் செய்வம்" என்று வெள்ளை மெழுகுதிரிகளைப் பால்மா டின்னில் உருக்கினார். அதில் சிவப்புக் கிரையோன் துண்டு இரண்டைப் போட்டு, பருத்தி நூலைத் திரித்து நடுவில் விட்டு, ஒரு குழாய்த் துண்டில் வார்த்தார். ஆறியபின் பார்த்தால், வெட்டிய கொய்யாப்பழத்தின் உள் நிறம். எனக்கு அதைவிட அழகான திரி கிடையாது.

பதினாறு வீடு, வீட்டுக்கு ஒரு இரவு. பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து எடுத்து, பொலித்தீனால் மூடி, அடுத்த வீட்டில் இறக்கியவர் ஓட்டோ ஓட்டும், எங்கள் பாடசாலைப் பிள்ளையொன்றின் தந்தை. ஒரு நாளும் பிந்தவில்லை, எண்ணெய்க் காசும் கேட்கவில்லை.

போன வீடெல்லாம் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. கருவப்பங்கேணியில் ஒரு வீட்டில் திரி வெளிச்சத்திலேயே நத்தார் கேக்குக்கு முந்திரியும் பாகில் போட்ட பூசணியும் வெட்டினார்கள். நானும் கூட இருந்து வெட்டினேன். ரவை வறுத்த வாசம் இன்னும் கையில் இருக்கிறது போல. பறங்கியர் வீடொன்றில் அம்மம்மா தன் போத்துக்கீசப் பேச்சில் செபம் சொன்னார். எங்கள் பட்டணத்தில் இப்படியொரு மொழி உண்டென்று அன்றைக்குத்தான் பல பிள்ளைகளுக்குத் தெரிந்தது. இரண்டு இந்துக் குடும்பங்கள் தாங்களாகவே கேட்டு வாங்கி, குளித்து, விளக்கு வைக்கிற பக்தியோடு ஏற்றினார்கள். கரண்ட் போன இரவில் அயல் பிள்ளைகளெல்லாம் வளையத்தைச் சுற்றி உட்கார்ந்து கரோல் படித்த வீட்டையும் மறக்க மாட்டேன்.

பதினாறாவது வீடு, 2004இல் நாவலடியில் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த ஒரு தாயின் வீடு. டிசம்பர் 26 வரும் என்ற நினைப்பில் அவர் வீட்டில் இத்தனை வருடமும் நத்தாருக்குச் சோடனை கிடையாது. இந்த முறை கதவைத் திறந்து வளையத்தை வாங்கினார். நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "மிச்சத் திரியைத் தாங்க மகள், நாளண்டைக்கு அங்க கொண்டு போகணும்" என்றார். நாங்களும் கூடப் போனோம். கடற்காற்று திரும்பத் திரும்ப அணைத்தது. ஓட்டோத் தந்தை குடையை விரித்துப் பிடித்து நின்றார். ரோசாத் திரி மட்டும் நின்று எரிந்தது. அந்தத் தாய்க்கு என்ன வார்த்தையால் நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரிம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இந்தத் தடவை முறை கிடைக்காமல் போனவர்கள் என்னிடம் பெயரைத் தாருங்கள், அடுத்த திருவருகைக்கு உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

நன்றியுடன்,
தரம் ஆறு மாணவன் ஒருவனின் தாய்,
மட்டக்களப்பு